ஈரம் காய்வதற்குள்

அஸ்வரின் மனைவி ரமீஜாவின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எந்நேரம் உலை வைக்கும், வீட்டு மோட்டார் எப்படியெல்லாம் மக்கர் பண்ணும், மீன்காரரிடம் என்ன பேரம் பேசும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன போன் செய்த வேலை.

ஷார்ஜாவில் நானும் முகமது அஸ்வரும் ஒரே அறை, ஒரே வேலை. நான் திருமயம் பக்கம், அவன் அறந்தாங்கி. ஊரில் இருந்தவரை ஒருத்தனை ஒருத்தன் தெரியாது. அங்கே போய் மாமன் மச்சான் ஆகிவிட்டோம். பெரிய வீடுகளில் உள்சுவருக்கு டெக்ஸ்ச்சர் போடுவதுதான் எங்கள் வேலை. பெயின்ட் அடித்துவிட்டுப் போகிற விஷயமில்லை அது. சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் சேர்ந்த கலவையைக் கரணையால் மெல்லிசாக இழுக்க வேண்டும். அது பாதி காய்ந்த பதத்தில் இன்னொரு கரணையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் சுவர் கல் மாதிரிப் பளபளக்கும். அஸ்வர் முன்னால் இழுத்துக்கொண்டு போவான், நான் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வருவேன். ஒரு சுவரில் கை வைத்துவிட்டால் முடிக்காமல் சாரத்தைவிட்டு இறங்கக் கூடாது. இடையில் ஈரம் காய்ந்துவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் ஆயுசுக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அறந்தாங்கியிலிருந்து போன் வரும். அவன் சாரப் பலகையில், கலவை வாளிக்குப் பக்கத்தில் போனைப் போட்டு ஸ்பீக்கரை வைத்துவிடுவான். வீடியோ கால் வேறு. இங்கே கேமரா கூரையைப் பார்க்கும், அங்கே அடுப்படி ஃபேனைப் பார்க்கும். முகம் பார்க்க வசதி இருந்தும் முகத்தைப் பார்க்காமலே பேசித் தீர்க்கிற ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஃபோர்மேன் பக்கத்தில் வந்துவிட்டால் வாயைத் திறக்க முடியாது. அதற்கும் இரண்டு பேரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கரணையால் வாளி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் 'ஆமாம்'. இரண்டு தட்டினால் 'இல்லை'. கரணையில் ஒட்டியதை உதறுகிறான் என்று ஃபோர்மேன் நினைத்துக்கொள்வார். "சாப்பிட்டீங்களா? இன்னிக்கும் குபூஸ்தானா?" என்று ரமீஜா தினமும் கேட்கும். ஒரு தட்டு. குபூஸ் ரொட்டியாவது மண்ணாவது, காலையில் குடித்த டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இருக்காது. பொய்க்கும் அதே ஒரு தட்டுதான், ஃபோர்மேன் இல்லாத நேரத்திலும். பேசி முடித்ததும், "சரி, வேலையப் பாருங்க. வச்சிடுறேன்" என்று சொல்லும். அதைச் சொல்லாமல் ஒரு நாளும் போனை வைத்ததில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன்டா, பொண்டாட்டிகிட்டக் கொஞ்சுறதுக்கு இதான் நேரமா? இங்கிட்டு ஈரம் காயுதுடா" என்று கத்துவேன். சிரிப்பான். "ஒனக்குப் பொறாமை மச்சான். ஒன் வீட்டுல ஒனக்குப் போனே வர்றதில்ல" என்பான். அது உண்மைதான். என் வீட்டில் தேவை வந்தால்தான் போன் வரும்.

இன்னொரு கோபமும் எனக்கு இருந்தது. அஸ்வர் சீராக இழுக்க மாட்டான். இழுத்துக்கொண்டே போகிறவன் திடீரென்று நிறுத்துவான், பிறகு தொடங்குவான். கரணை நின்ற இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று விழும். பின்னால் தேய்த்துக்கொண்டு வருகிற என் விரலில் அது தட்டுப்படும். எங்கள் தொழிலில் அது குற்றம். ஆனால் என்ன சொல்வது, எல்லாம் காய்ந்து சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த வரம்புகள்தான் முதலில் மின்னும். வீட்டுக்காரர்கள் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நின்று படம் எடுப்பார்கள். ஃபோர்மேனே வாயை மூடிக்கொண்டார். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவன் அறந்தாங்கியில் வீடு கட்டினான். எல்லா அறைக்கும் பெயின்ட் அடித்தாயிற்று, ஹாலில் இருந்த பெரிய சுவரைத் தவிர. அதை யாரும் தொடக் கூடாது என்று போனிலேயே சட்டம் போட்டுவிட்டான். "என் வீட்டுச் செவுத்துல அடுத்தவன் கை படக் கூடாது. லீவுக்கு வந்து நான் போட்டுக்கிறேன்" என்றான். சிமென்ட் பூச்சோடேயே குடி போனார்கள். "வர்றவுகல்லாம் வீடு இன்னும் முடியலையான்னு கேக்குறாக. என்னத்தச் சொல்ல?" என்று ரமீஜா குறைபட்டுக்கொள்ளும். "கேக்கட்டும். கேட்ட வாயெல்லாம் ஒரு நாள் பொளந்துக்கிட்டு நிக்கும்" என்பான் இவன்.

லீவு கிடைத்து டிக்கெட்டும் போட்டாயிற்று. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் அன்றைக்குச் சாரத்தில் நின்று பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தான். நான் மறுகோடியில் தேய்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டீங்களா? இன்னிக்கும் குபூஸ்தானா?" என்று போனில் கேட்டது. நான் கையை ஓட்டிக்கொண்டே அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால், ஈரச் சுவரில் தோளைச் சாய்த்தபடி சரிந்துகொண்டிருந்தான். நான் ஓடிய ஓட்டத்தில் கால் பட்டுப் போன் கலவை வாளிக்குள் விழுந்தது. "ஹலோ, கேக்குதா?" என்ற குரல் அப்படியே உள்ளே முங்கிவிட்டது.

நெஞ்சடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்தோம். நானும் மண் போட்டேன். ஊரிலிருந்து ஒருத்தர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு லீவு கிடைத்து ஊருக்கு வந்ததும், புதுக்கோட்டையில் பஸ் மாறி அறந்தாங்கிக்குப் போனேன். அஸ்வரின் அண்ணன் ஷேக் பரீது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ரமீஜா இத்தாவில் இருந்தது. கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். ஹாலை ஒட்டிய அறைவாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால்தான் ரமீஜா. எதிரே அந்தச் சிமென்ட் சுவர். இத்தனை நாளும் அந்தப் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

"இத்தா முடியிறன்னிக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும்" என்றார் பரீது பாய். "செவுத்த இப்படிப் போட்டு வைக்க முடியாது. தம்பிய நெனச்சுப் பாக்குறவுகளுக்கு இன்னும் வேதனை. பிளாஸ்டிக் பேனல் ஒட்டுறவனுக்குச் சொல்லிட்டேன். இந்த வாரம் வந்துருவான்."

திரை அசைந்தது. அஸ்வரின் தங்கை பாசிலா வெளியே வந்தாள். "மதினி கேக்கச் சொன்னாக. அண்ணன் போடுற மாதிரியே ஒங்களால இந்தச் செவுத்தப் போட முடியுமான்னு."

பரீது பாய் தலையில் கை வைத்தார். "அவரு லீவுல வந்திருக்காரு. அவரப் போய் வேலை வாங்குறதா?"

"நான் போடுறேன் பாய்" என்றேன். வாய் முந்திவிட்டது. அவன் பின்னாலேயே இத்தனை வருஷம் தேய்த்தவனுக்கு இது தெரியாதா என்ற திமிர். பாய் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் சரிவரவில்லை என்றால் பேனல்தான் என்று கறாராகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்த மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார்.

திருச்சியில் சாமான் வாங்கி வந்து அடிப்பூச்சு முடித்தேன். சுவரைத் தொடும் முன் சாம்பிள் காட்டுவது எங்கள் வழக்கம். ஒரு பிளைவுட் துண்டை ஹாலில் நிறுத்தி, அஸ்வர் மாதிரியே இழுத்தேன். மூன்று இழுப்புக்கு ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று இழுப்பு. பதம் வந்ததும் தேய்த்தேன். பாசிலா பலகையை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

"மதினி இது வேணாங்குறாக."

"ஏன், கலர் பிடிக்கலையா?"

"கலரெல்லாம் சரிதானாம். நீங்க இழுக்குறப்பக் கேட்ட சத்தம் சரியில்லையாம்."

சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. "செவுத்துக்குச் சத்தம் பாக்க இது என்ன மத்தளமா? கண்ணால பாத்துச் சொல்லச் சொல்லும்மா" என்றேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்தது.

"அண்ணே."

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.  இத்தனை வருஷம் சாரப் பலகையில், வாளிக்குப் பக்கத்தில் கிடந்து பேசிய அதே குரல். அதே குரல் இப்போது ஆறேழு அடி தூரத்தில் இருந்து பேசியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அவுக எண்ணி எண்ணி நிறுத்த மாட்டாக. நான் பேசுறப்ப இழுத்துக்கிட்டே இருப்பாக, சர்ரு சர்ருன்னு சத்தம் கேக்கும். நான் ஏதாச்சும் கேட்டா நிறுத்துவாக. பதில் சொல்லிட்டுத்தான் மறுபடி சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தந்தாண்ணே தெரியும்." பிறகு, "மொகத்தத்தான் கடைசியாப் பாக்கக் கொடுத்துவைக்கல. அவுக வேலையாச்சும் இந்த வீட்டுல இருக்கட்டும்" என்றது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோம்பேறித்தனம் என்று எத்தனை நாள் அவனை மனசுக்குள் திட்டியிருப்பேன். என் விரலில் தட்டுப்பட்ட ஒவ்வொரு வரம்பும் அவன் இந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்ன இடம். மோட்டார் ரிப்பேருக்கு ஒன்று, மகள் சாமியாவின் காய்ச்சலுக்கு ஒன்று, குபூஸுக்கு ஒன்று. யார் யார் வீட்டு ஹாலிலோ இவர்கள் குடும்பப் பேச்சு பளபளத்துக்கொண்டிருக்கிறது. அழுதுவிட்டேன். பரீது பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். "அப்ப நீ பேசுனாத்தான் தங்கச்சி இந்தச் செவுரு வரும். என்கிட்டப் பேச வேணாம். பாசிலாகிட்டப் பேசு. அவன்கிட்டத் தினம் என்ன பேசுவியோ அதப் பேசு. நான் பாட்டுக்கு வேலையப் பாக்குறேன்."

பரீது பாய் தாடியைத் தடவிக்கொண்டார். இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆண் காதில் விழப் பேசலாமா என்ற யோசனை அவருக்கு. கடைசியில், "பாசிலா உள்ள பக்கத்துலயே இருக்கட்டும். நானும் இங்கயே உக்காந்திருக்கேன். நாளைக்கு ஒரு நாள் பாப்போம். வரலைன்னா விட்டுருங்க" என்றார்.

மறுநாள் காலையில் ஜன்னல் ஓரத்திலிருந்து தொடங்கினேன். வாளியைச் சாரப் பலகையில் அஸ்வர் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டேன். இழுக்கவும் நான்தான், தேய்க்கவும் நான்தான். உள்ளே பேச்சையே காணோம். சும்மா பேசு என்றால் யாருக்குப் பேச வரும்? பாசிலாதான் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ரமீஜா ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னது. நான் வெறுமனே இழுத்தேன். சுவர் கல்யாண மண்டபத்துச் சுவர் மாதிரி உயிரில்லாமல் வந்துகொண்டிருந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இழுத்ததை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்போது வீட்டு மோட்டார் கர்ரென்று உறுமிவிட்டு நின்றது.

"பாத்தியா, மறுபடி மக்கர் பண்ணுது" என்றது ரமீஜா. "போன தடவ வந்தவன் காயில் போச்சுன்னான். இந்தத் தடவ வந்தவன் கண்டென்சருங்கிறான். யாரு சொல்றத நம்புறது?"

கேள்வி. கரணையை நிறுத்தினேன். பாசிலா என்னவோ பதில் சொன்னாள். மறுபடி இழுத்தேன். நின்ற இடத்தில் வரம்பு விழுந்திருந்தது.

"சாமியாவுக்கு முன்பல்லு விழுந்துருச்சு. வாயப் பொத்திக்கிட்டே சிரிக்குது. பள்ளிக்கொடத்துல கேலி பண்றாகளாம். டீச்சருகிட்டச் சொல்லவா?"

நிறுத்தினேன். பிறகு இழுத்தேன். பேச்சு மெல்ல மெல்ல ஓட ஆரம்பித்தது. அடுத்த வீட்டுக்காரர் காம்பவுண்டு எழுப்புகிறது, குக்கருக்குக் கேஸ்கட் மாற்ற வேண்டியிருக்கிறது, எந்தக் கடையில் மல்லித்தூள் கலப்படம். என் கை தானாக ஓடியது, தானாக நின்றது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருந்தது, இத்தனை வருஷம் கேட்டவன்தானே நானும். பதம் பார்த்துத் தேய்த்தேன். விரலில் வரம்பு தட்டியது. அஸ்வர் சுவர்தான் அது.

"கோட்டப்பட்டினத்துலேர்ந்து நேத்து நண்டு வந்துச்சு" என்றது ரமீஜா. "நல்ல சதைப்பத்தா இருந்துச்சு. வாங்கல. நண்டுன்னா ஒங்களுக்குத்தான் உசுரு. நீங்க வந்தப்பறம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். சரிதான?"

உள்ளே பாசிலா பதில் சொல்லவில்லை. நான் நிறுத்திவிட்டு மறுபடி இழுத்தேன். 

"செவுரு எதுவரைக்கும் வந்திருக்கு? கழுத்து வலிக்குதா? சாரத்துலயே நிக்காதீங்க, கொஞ்சம் எறங்கித் தண்ணி குடிங்க." அந்தக் குரலில் துக்கமே இல்லை. அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்று பேசுகிற குரல் அது. "சாப்பிட்டீங்களா? இன்னிக்கும் குபூஸ்தானா?"

கரணை சுவரிலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் பரீது பாய் தோள்துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். உள்ளே இருப்பவளும் என்ன கேட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்திருக்க வேண்டும்.  அன்றைக்கு ஷார்ஜாவில் பதில் வராமல் போன கேள்வி இதுதான். இத்தனை நாளும் இந்தத் திரைக்குப் பின்னால் இதற்குப் பதில் எதிர்பார்த்துத்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

செத்தவனுக்காகப் பதில் சொல்ல நான் யார்? அது பாவமா புண்ணியமா, எனக்குத் தெரியவில்லை. கலவை காய்ந்துகொண்டிருந்தது. அஸ்வர் மட்டும் அங்கே நின்றிருந்தால் என்ன செய்வான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கரணையால் வாளி விளிம்பில் தட்டினேன். ஒரே ஒரு தட்டு.

 பிறகு, "பொய்யி" என்றது ரமீஜா. "எப்பவும் பொய்யிதான். எனக்குத் தெரியாதாக்கும்." அதற்குமேல் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னது.

"சரி. வேலையப் பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "வச்சிடுறேன்" என்றது.

அதன் பிறகுதான் அழுகை வந்தது. அஸ்வர் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய்விட்டு அழவே இல்லை என்று பாய் பின்னால் சொன்னார். பாசிலா, "மதினி, மதினி" என்று தேற்றிக்கொண்டிருந்தாள். பாய் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் என்ன செய்ய? ஈரம் எவனுக்காகவும் காத்திருக்காது. கண்ணை மேல்கையில் துடைத்துக்கொண்டு மிச்சச் சுவரை இழுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓரம் வரை கரணை நிற்காமல் போயிற்று.

சாயங்காலம் ஜன்னல் வழியாக வெயில் சுவரில் பக்கவாட்டில் விழுந்தது. ஜன்னலிலிருந்து பாதிச் சுவர்வரை வரம்பு வரம்பாக மின்னியது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வரம்பும் இல்லாமல் மொழுமொழுவென்று கிடந்தது. பரீது பாய் எட்ட நின்று பார்த்தார், கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். பேனல்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அங்கிட்டும் இதே மாதிரி கொஞ்சம் போட்டுவிட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். "பாக்குறவுக, ஏன் பாதியில நின்னுருச்சுன்னு கேப்பாகள்ல."

"அங்கிட்டு யாரும் ஒண்ணும் கேக்கல பாய்" என்றேன். "கேட்டாத்தான் கரணை நிக்கும்."

அவர் பச்சைத் திரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். நான் கரணையையும் வாளியையும் கழுவிவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.